இல்லாத பாதை: இன்மையை அறிதலும் அறக்கடமையும்

மலையிற் புகையைக் கண்டு ஆங்கே நெருப்பு உண்டெனத் துணிதல், அனுமானத்துக்குத் தருக்க நூலார் வழிவழியாகக் காட்டிவரும் எடுத்துக்காட்டாகும். நுவரெலியாவுக்கு வடகிழக்கேயுள்ள கந்தப்பளை, இராகலை மலைச்சாரல்களில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வெடுத்துக்காட்டு நாள்தோறும் மெய்ப்பட்டுக்கொண்டிருந்தது. தேயிலைச் சரிவுக்கு அப்பாற் புகை எழுந்தால், வளைவுக்குப் பின்னே நீராவி இயந்திரம் ஒன்று வருகின்றதென்பதைப் பார்த்தோர் அறிந்தனர். இன்று அம்மலைகளில் அப்புகை இல்லை. புகையிலிருந்து நெருப்பை அறியும் வழியைத் தருக்க நூல்கள் கற்பிக்கின்றன. புகையில்லாத இடத்தில், முன்னொரு காலத்தில் நெருப்பு இருந்ததென்பதை அறிவது எவ்வாறு? அதனை அறிந்தேயாதல் வேண்டுமா? முதல் வினா அளவையியலைச் சார்ந்தது. இரண்டாவது அறவியலைச் சார்ந்தது. இவ்விரு வினாக்களும் ஒன்றைவிட்டு ஒன்று நீங்காதவை என்பதை, மறைந்துபோன அம்மலைப் புகையிரதப் பாதையைப் பழைய வரைபடங்களின் துணைகொண்டு தேடும் முயற்சி நன்கு புலப்படுத்துகின்றது.

இலங்கையின் முதற் புகையிரதப் பாதை கொழும்புக்கும் அம்பேபுசைக்கும் இடையில் 1864ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1867இற் கண்டியை அடைந்த பாதை, கோப்பிப் பயிர் நோயினால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், 1885இல் நானுஓயாவை எட்டியது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஆகிய இடங்களினூடாக இராகலை வரை சென்ற கிளைப்பாதை 1903, 1904ஆம் ஆண்டுகளிற் கட்டங் கட்டமாகத் திறந்துவைக்கப்பட்டது. உடப்புசல்லாவைப் பாதை என்று பெயர்பெற்ற அதன் நீளம் ஏறத்தாழ 19 மைல். முதன்மைப் பாதையின் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 5 அடி 6 அங்குலமாக இருக்க, இக்கிளைப்பாதையின் அகலம் 2 அடி 6 அங்குலமே. செங்குத்தான சரிவுகளில் வளைந்து வளைந்து ஏறுவதற்கு ஒடுங்கிய பாதையே ஏற்றதாயிருந்தது, செலவும் குறைவாயிருந்தது. தேயிலைப் பெட்டிகள் இறங்குவதற்கும் அரிசியும் உரமும் ஏறுவதற்கும் அமைந்த பாதை அது. வீதிகள் திருத்தமுற்று லொறிகள் பெருகியபின் அதன் வருவாய் சுருங்கியது. 1940களில் அது மூடப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. நாற்பது ஆண்டு அளவே வாழ்ந்த அப்பாதை, மறைந்து அதனினும் நெடுங்காலம் கழிந்துவிட்டது.

இத்தகைய பாதையைத் தேடுவோனுக்கு முதற்றுணையாவது வரைபடம். 1800ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நில அளவைத் திணைக்களம் பிற்காலத்தில் வெளியிட்ட ஓரங்குலப் படங்கள், ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிக் காட்டுவன. பாதை இயங்கிய காலத்துப் படத்தையும் பிற்காலத்தில் 1:50,000 என்ற அளவுத்திட்டத்தில் வெளிவந்த படத்தையும் அடுத்தடுத்து வைத்து நோக்குமிடத்து, முன்னதில் உள்ள புகையிரதக் குறியீடு பின்னதில் இல்லாதொழிந்திருத்தலைக் காணலாம். ஆயின் குறியீடு நீங்கிய இடம் வெறுமையாகவே இருப்பதில்லை. சிலவிடங்களில் அதே வளைவில் வீதியொன்று செல்லும். சிலவிடங்களில் நடைபாதையைக் குறிக்கும் புள்ளிக்கோடு தென்படும். சிலவிடங்களில் யாதும் இராது. யாதுமில்லாத அவ்விடங்களிலேயே தேடுவோனின் உண்மையான பணி தொடங்குகின்றது.

அப்பணிக்குச் சமவுயரக் கோடுகள் வழிகாட்டுகின்றன. காலால் நடக்கும் மனிதன் செங்குத்தாக ஏறவல்லவன். மாட்டுவண்டி ஓரளவு சரிவைத் தாங்கும். புகையிரதமோ மிக மெல்லிய ஏற்றத்தையே தாங்கும். ஆதலின் புகையிரதப் பாதை மலையை எதிர்த்துச் செல்வதில்லை. சமவுயரக் கோடுகளை ஏறத்தாழ ஒட்டி, மலையின் மடிப்புத்தோறும் உள்ளே புகுந்து வெளியே வந்து, நீண்டு சுற்றியே உயரத்தை அடைகின்றது. தேயிலைச் செடிகளுக்கிடையே, தோட்டப் பாதையின் ஒழுங்குக்கும் வண்டிப் பாதையின் ஒழுங்குக்கும் பொருந்தாமல், ஒரே சீராக வளைந்து செல்லும் ஒடுக்கமான சமதளம் ஒன்று காணப்படின், அது தண்டவாளம் தாங்கிய தளமாக இருத்தல் கூடும். மேட்டை அறுத்த வெட்டும், பள்ளத்தை நிரப்பிய மண்ணணையும், ஓடையின்மேல் எஞ்சிய கல்மதகும் அவ்வூகத்தை உறுதிசெய்கின்றன. இவ்வாறு தேடுவோன், சைவசித்தாந்த நூலார் கொண்ட மூன்று அளவைகளையும் ஒருங்கே கையாள்கின்றான். மலையிலுள்ள தளமும் மதகும் காண்டல். அவற்றிலிருந்து பாதையைத் துணிதல் கருதல். பழைய வரைபடம் உரை. மூன்றில் எதுவும் தனித்து நின்று போதிய சான்றாவதில்லை. வரைபடம் இல்லையேல் சமதளம் வெறும் சமதளமே. சமதளம் இல்லையேல் வரைபடத்துக் கோடு வெறும் மையே.

இங்கே இன்மை பற்றிய பழைய ஆராய்ச்சியை நினைவுகூர்தல் பொருத்தமானது. நியாய வைசேடிகர் இன்மையையும் அறியப்படும் பொருள்களுள் ஒன்றாகக் கொண்டு, அதனை நால்வகைப்படுத்தினர். குடம் வனையப்படுமுன் உள்ள இன்மை முன்னின்மை. குடம் உடைந்தபின் உள்ளது அழிவுபாட்டின்மை. எக்காலத்தும் ஓரிடத்தில் இல்லாதிருத்தல் முழுதுமின்மை. குடம் ஆடையன்று, ஆடை குடமன்று என்பது ஒன்றினொன்றின்மை. இன்மை எவ்வாறு அறியப்படுகின்றது என்பதில் மரபினர் வேறுபட்டனர். மீமாம்சகருள் குமாரிலபட்டர் வழியினர் அதற்குத் தனி அளவையொன்று வேண்டுமென்றனர். நியாய நூலார் காட்சியே போதுமென்றனர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அபாவத்தையும் உள்ளிட்ட பத்து அளவைகளைச் சுட்டி, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்குமெனக் கொண்டார். கொள்கை எதுவாயினும் அடிப்படையான ஒன்று உண்டு. தரையிற் குடம் இல்லை என்று கூறுவோன் குடம் இன்னதென்பதை முன்னரே அறிந்தவனாதல் வேண்டும். இல்லையென மறுக்கப்படும் அப்பொருளைத் தருக்க நூலார் பிரதியோகி என்பர். பிரதியோகியை அறியாதவன் குடத்தின் இன்மையைக் காண்பதில்லை. தரையை மட்டுமே காண்கின்றான்.

இராகலைச் சரிவில் நிற்கும் இருவரைக் கருதுக. ஒருவன் பழைய ஓரங்குலப் படத்தைக் கற்றவன், மற்றவன் கல்லாதவன். இருவர் கண்களுக்கும் புலப்படுவது ஒரே தேயிலைச் சரிவே. கல்லாதவன் அச்சரிவு என்றும் அவ்வாறே இருந்ததெனக் கருதுகின்றான். கற்றவன் அங்கே ஒன்று இருந்து அழிந்ததை அறிகின்றான். முன்னவனுக்கு அது முழுதுமின்மை. பின்னவனுக்கு அது அழிவுபாட்டின்மை. கண்ணளவில் இவ்விரண்டும் வேறுபடுவதில்லை, அறிவளவிலேயே வேறுபடுகின்றன. ஆகவே, மறதி என்பது வெறும் அறிவுக் குறைபாடன்று. அது இருந்து அழிந்ததை என்றுமே இல்லாததாக மாற்றுவது. பொருள் ஒருமுறை உலகத்தில் அழிகின்றது. மறுமுறை அறிவில் அழிகின்றது. முதலழிவு காலத்தினாலோ தேவையினாலோ நேர்வது; பல வேளைகளில் அதைத் தடுக்க இயலாது. இரண்டாம் அழிவோ மனிதர் அறிய மறுப்பதனால் நேர்வது. தடுக்கக்கூடிய ஒன்றைத் தடுக்காமல் விடுதல் அறவியலின் விசாரணைக்கு உட்பட்டதாகும்.

இதற்கு இரு தடைகள் எழலாம். பயன் நோக்குவோர், வருவாய் குன்றியதால் மூடப்பட்ட பாதையொன்றை நினைந்திருத்தல் எவருக்கு என்ன பயன் தரும் என்பர். உலகில் அழிந்த பொருள்கள் எண்ணிறந்தவை. அவையனைத்தையும் நினைவில் நிறுத்தல் இயலாதாகலின், நினைத்தல் கடமையாதல் எவ்வாறு என்பது அவர் வினா. இத்தடையில் உண்மையுண்டு. இயலாததைக் கடமையென விதித்தல் பொருந்தாது. ஆயின் அனைத்தையும் நினைத்தல் இயலாதென்பதிலிருந்து எதையும் நினைக்கவேண்டியதில்லை என்பது பெறப்படாது. பசித்தோர் அனைவருக்கும் உணவளித்தல் ஒருவனால் இயலாதென்பதனால், வாயிலில் நிற்பவனுக்கு மறுத்தல் அறமாகாது. எந்த நிலத்தில் ஒருவன் வாழ்கின்றானோ, எந்த அழிவின் பயனை அவன் நுகர்கின்றானோ, அந்நிலத்தின் இன்மைகளே அவனுடைய வாயிலில் நிற்பவை.

இரண்டாம் தடை இதனினும் வலியது. அப்பாதை அந்நிய ஆட்சியினரின் இலாபத்துக்காக அமைந்தது. அதன் மறைவுக்கு இரங்குதல் அடிமைக் காலத்துக்கு ஏங்குதலேயன்றோ என்பது அது. புகையிரதப் பாதைகளைத் தேடுவோரிடையே இத்தகைய ஏக்கம் இல்லாமலில்லை. பளபளக்கும் இயந்திரமும் மலைக்காற்றும் துரைமாரின் விடுமுறையும் கலந்த இனிய சித்திரமொன்றை அவர்கள் தீட்டிக்கொள்வதுண்டு. ஆயின் அறிதல் வேறு, ஏங்குதல் வேறு. ஏங்குவோன் அழிந்த பொருளின் இனிய பகுதியை மட்டும் தெரிந்தெடுக்கின்றான். அறிவோன் அது எதற்காக எழுந்தது, யார் உழைப்பில் எழுந்தது, யாருக்குப் பயன்பட்டது என்பவற்றையும் சேர்த்தே அறிகின்றான். அழிந்ததை முழுமையாக அறியாமையே ஏக்கத்துக்கு இடமளிக்கின்றது. எனவே இத்தடை தேடலை மறுப்பதாகாமல், தேடல் எவ்வளவு ஆழமாகச் செல்லவேண்டும் என்பதை உணர்த்துவதாகின்றது.

அவ்வாழத்திற் சென்று நோக்கின், உரையளவையாகிய வரைபடத்தின் இயல்பும் வெளிப்படும். உரை சான்றாதற்கு, உரைப்போன் உண்மையை அறிந்தவனாகவும் அதனை உள்ளவாறே கூறுபவனாகவும் இருத்தல் வேண்டுமென அளவை நூலார் கொண்டனர். நில அளவையாளன் அறிந்தவன். தான் கூறியவற்றைப் பெரும்பாலும் பிழையின்றியே கூறினான். ஆயின் கூறுவதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவை எவை? பாதையும் நிலையமும் தேயிலைத் தொழிற்சாலையும் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் படத்தில் இடம்பெற்றன. அத்தோட்டத்துக்குத் தொழிலாளர் தம்முள் வழங்கிய தமிழ்ப் பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை. மலையை வெட்டியவர், மதகுக்குக் கல் சுமந்தவர், தேயிலைப் பெட்டியை ஏற்றியவர் எவரும் அதில் இல்லை. மனிதர் பெயரை எழுதுவது வரைபடத்தின் தொழிலன்று. ஆதலின் அதனைக் குறைகூறல் முறையாகாது. ஆனால் வரைபடம் கூறாததை இல்லாததென்று கொள்வது படிப்போனின் குற்றமே. மலைநாட்டுப் பாதைகளின் கட்டுமானத்திலும் பெருந்தோட்டங்களின் உருவாக்கத்திலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்புப் பெரும்பங்கு கொண்டது. அவர்கள் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்து வந்த வழிகளும், இடைவழியில் மாண்டோரின் புதைகுழிகளும் எந்தப் புகையிரதக் குறியீட்டிலும் அடங்குவனவல்ல.

இவ்விடத்திற் காலத்தின் அண்மையொன்று நோக்கற்பாலது. அப்பாதை மறைந்த அதே பத்தாண்டில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அத்தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இவ்விரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு இல்லை. ஆயினும் இரண்டும் இன்மையின் இருவகையை அருகருகே காட்டுகின்றன. பாதை நிலத்திலிருந்து நீங்கியது; வரைபடத்தில் எஞ்சியது. மனிதரோ நிலத்தில் இருந்தனர், பதிவேட்டிலிருந்து நீங்கினர். இருந்து அழிந்ததை என்றும் இல்லாததாகக் கொள்வது அறியாமையெனின், கண்முன்னே இருப்போரை இல்லாதோராகக் கொள்வது அதனினும் கொடிது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னரே முடிவாயிற்று. மலைநாட்டு நிலையங்களிற் புகையிரதமேறித் தலைமன்னார் சென்று கப்பலேறியோர் பலர். ஏறியவருக்கும் வழியனுப்பியவருக்கும் அந்நிலைய மேடைகள் எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை எந்த அளவுத்திட்டத்து வரைபடமும் கூறாது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோரின் குடியுரிமை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே பெரும்பாலும் சீராயிற்று.

அழிந்தது மீண்டு வருமாயின் இன்மை நீங்கிவிடுமா என்பது அடுத்துக் கருதத்தக்கது. வடக்குப் பாதை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1905இல் முழுமையுற்ற அப்பாதையில் 1956 முதல் யாழ்தேவி ஓடியது. 1990இற் போரினால் வவுனியாவுக்கு வடக்கே சேவை அற்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுக் காவலரண்களுக்குப் பயன்பட்டன, நிலையங்கள் சிதைந்தன, பாதை கிடந்த வழியைப் பற்றை மூடியது. மலைநாட்டுக் கிளைப்பாதைக்கு நேர்ந்தது போன்றதே இதற்கும் நேர்ந்ததென எண்ணத்தக்க காலம் ஒன்று இருந்தது. ஆயின் 2014 ஒக்டோபரிற் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 சனவரியிற் காங்கேசன்துறையை அடைந்தது. பழைய வழியிலேயே புதிய பாதை அமைந்தது.

இங்கே தருக்க நூலாரின் நுட்பமான கருத்தொன்று பொருள் பெறுகின்றது. முன்னின்மைக்குத் தொடக்கமில்லை, முடிவுண்டு. அழிவுபாட்டின்மைக்குத் தொடக்கமுண்டு, முடிவில்லை என்பது அவர்கள் துணிபு. உடைந்த குடத்தின் மண்ணைக் குழைத்து மீண்டும் குடம் வனையலாம். ஆயின் அது வேறு குடம். 1990இல் அற்ற பாதையும் 2014இல் எழுந்த பாதையும் ஒரே நிலத்தில் ஒரே ஊர்களை இணைப்பினும், இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் இறந்தோரும் பெயர்ந்தோரும் அப்புதிய வண்டியில் ஏறவில்லை. புதுப்பித்தல் நல்லது, வேண்டப்படுவது. ஆனால் புதுப்பித்தல் முன்னை இழப்பை அழித்துவிட்டதெனக் கொள்வது பொருந்தாது. புதிய தண்டவாளத்தின் பளபளப்பே பழைய இன்மையை மறைக்கும் திரையாதலும் கூடும்.

இதற்கு மாறாகச் சற்காரியவாதங் கொள்ளும் சைவசித்தாந்தம், உள்பொருள் முற்றாக இல்லாதொழிவதில்லையென்றும், காரியம் அழியுங்கால் காரண வடிவில் ஒடுங்குகின்றதென்றும் கூறும். மலைச்சரிவிலுள்ள தளத்தில் நடப்போரும், எஞ்சிய கல்மதகின் வழியே ஓடும் மழைநீரும் இக்கருத்துக்குச் சான்றுபகர்வது போலத் தோன்றும். பாதை அழிந்தது, அதன் ஒழுங்கு நிலத்தில் ஒடுங்கியிருக்கின்றது. இவ்விரு கொள்கைகளுள் எது மெய்ம்மையென்பது தத்துவ நூல்களில் நெடுங்காலம் வாதிக்கப்பட்டது; இங்கே தீர்க்கப்படவேண்டியதன்று. அறவியல் நோக்கில் இரண்டும் ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்கின்றன. அழிவுக்கு முடிவில்லையெனின், அழிந்ததற்குச் சான்றாக நிற்பது அறிவொன்றே; ஆதலின் அறிதல் கடமையாகின்றது. அழிந்தது ஒடுங்கி நிற்கின்றதெனின், காலடியில் ஒடுங்கி நிற்பதைக் காணாது மிதித்துச் செல்லல் குற்றமாகின்றது. ஆதலினும் அறிதல் கடமையாகின்றது.

இக்கடமைக்கு ஒரு வரம்புமுண்டு. தேடுவோன் தன் விருப்பத்தைச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. வெட்டும் மதகும் தெளிவாக உள்ள இரு இடங்களுக்கிடையே தடயம் அற்றுப்போகுமாயின், கோட்டை நேராக இழுத்து இணைத்துவிட மனம் விழையும். இணைத்துவிட்டாற் படம் அழகு பெறும், உண்மை குறைபடும். இருந்ததை இல்லாததாக்குவது ஒருவகைப் பொய்யாயின், அறியாததை அறிந்ததாகக் காட்டுவது மற்றொரு வகைப் பொய். தம் இனத்தின், தம் ஊரின் பழமையைத் தேடுவோருக்கு இவ்வெச்சரிக்கை இன்னும் வேண்டப்படுவதாகும். இழந்தோமென்ற உணர்வு மிகுந்த இடத்தில், இல்லாதிருந்ததையும் இழந்ததாகக் கொள்ளும் சலனம் எளிதில் எழும். அவ்வாறு எழுந்த கோடுகளின்மேல் எல்லைகளும் பகைகளும் வரையப்பட்டமையை இத்தீவின் வரலாறு அறியும்.

உரையளவை வரைபடத்தோடு முடிந்துவிடுவதுமில்லை. நுவரெலியாவிலும் கந்தப்பளையிலும் இராகலையிலும் அப்பாதையைச் சிறுவயதிற் கண்டவர் எவரேனும் எஞ்சியிருப்பின், அவர் இன்று தொண்ணூறு வயதை அண்மியவராகவோ கடந்தவராகவோ இருப்பார். லயத்து வாசலில் அமர்ந்து அவர் கூறும் சொல், நூலகத்துத் தாளைப்போலப் பின்னரும் வந்து படிக்கக் காத்திருப்பதன்று. வரைபடம் பாதையின் வளைவை அறிவிக்கும். அவ்வளைவில் வண்டி மெதுவாகச் செல்லுங்கால் யார் ஏறினர், யார் இறங்கினர், யார் ஏற அனுமதிக்கப்படவில்லை என்பவற்றை அவரே அறிவார். அவர் சொல்லும் வரைபடமும் முரணுமாயின், இரண்டையும் எழுதிவைத்தலே நேர்மை.

ஆகவே, மறைந்த பாதையைத் தேடுவோன் முடிவில் வரையும் படத்தில் மூன்று வகைக் கோடுகள் இருத்தல் வேண்டும். கண்டதற்கு முழுக்கோடு, கருதியதற்கு இடைவிட்ட கோடு, பிறர் உரைத்ததற்கு வேறு நிறக்கோடு. யாதும் அறியப்படாத இடத்தில் வெண்தாள் வெண்தாளாகவே விடப்படல் வேண்டும். அவ்வெண்மை, அங்கே என்றும் ஒன்றும் இருக்கவில்லை என்று கூறுவதன்று. இன்னும் அறியப்படவில்லை என்று மட்டுமே கூறுவது. அவ்வேறுபாட்டைப் பேணுவது அளவையியலின் பாடம். அப்பாடம் மனிதரைப் பற்றியதாகும்போது அறத்தின் பாடமுமாகும்.